கருப்புதான் கரண்ட்

மூன்று வருஷம், நாலு மாசம். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் சின்னவள் அந்தத் தெருவில் கால் வைக்கிறாள்.

டயர் கடை அப்படியே இருந்தது. வெல்டிங் கடைக்காரர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"யாரு போறது, இன்ஜினை வேக வச்ச பொண்ணா?" என்று உள்ளே இருந்தவரிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் நாள் பூரா கிரைண்டர் சத்தத்தில் இருப்பவர்களுக்கு மெதுவாகப் பேச வராது.

அவள் திரும்பவில்லை. தோளில் தொங்கிய டூல்ஸ் பையைச் சரி செய்துகொண்டு நடந்தாள். இந்தப் பேருக்காகத்தான் வந்திருக்கிறாள். யார் இதை வைத்தார்களோ, அவர்கள் வாயாலேயே இதை எடுக்க வைக்க வேண்டும்.

நடந்தது இவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் பட்டறையில் ஒரு சின்னக் காருக்குப் பெரிய இன்ஜின் மாற்றினார்கள். இன்ஜின் இறக்கியது அண்ணன். வயரிங் அப்பா. ஆயில், தண்ணீர், கடைசிப் பார்வை எல்லாம் சின்னவள். முதல் தூரப் பயணத்திலேயே கார் கொதித்து இன்ஜின் இறுகிப் போனது. கஸ்டமர் வாசலில் நின்று கத்த, தெருவே கூடியது. அப்பா நிதானமாகச் சொன்னார்: "என் பொண்ணுதான் தண்ணி ஊத்த மறந்துட்டா."

அவள் மறக்கவில்லை. ஆறு லிட்டர் ஊற்றினாள். புனலைப் பிடித்துக்கொண்டு நின்றது அண்ணன். அன்று கூட்டத்தின் நடுவில் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே வெளியேறினாள். இப்போது பஸ் டிப்போவில் நாற்பத்திரண்டு வண்டிகள் அவள் கையில். போன வாரம் அந்த டிப்போ வாசலுக்கே அண்ணன் வந்து நின்றான். இன்னொரு கார், இன்னொரு பெரிய இன்ஜின், அதே கொதிப்பு.

"வர்றேன்," என்றாள். "ரெண்டு விஷயம். நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் அப்பா வாயைத் திறக்கக் கூடாது. என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சதும் கஸ்டமர் முன்னாடிதான் சொல்வேன்."

அண்ணன் சரி என்று தலையாட்டினான். பாவம், அந்த இரண்டாவது விஷயம் தன் கழுத்துக்குத்தான் என்று அவனுக்குப் புரியவில்லை. இன்ஜின் வேலை அவன் வேலை. கோளாறு அதில்தான் இருக்கும். அதை எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்று ஆறு நாளாக அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டறைக்குள் அந்த மஞ்சள் கார் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் கார்க்காரர். பல் டாக்டர். கையைக் கட்டிக்கொண்டு, வலிக்குது என்று வந்த பேஷண்டைப் பார்ப்பது போல் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா அதே பிளாஸ்டிக் நாற்காலியில். தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் மட்டும் நரைக்கவில்லை.

"டாக்டர், உங்ககிட்டதான் பேசுறேன். அவகிட்ட பேசல. அவதான் அன்னிக்கு ஒரு இன்ஜினை..."

"அப்பா," என்றான் அண்ணன்.

"அதான் டாக்டர்கிட்ட பேசுறேன்னு சொல்றேன்ல."

சின்னவள் பையைக் கீழே வைத்தாள். "டாக்டர், இது எப்பக் கொதிக்குது? டிராஃபிக்ல நிக்கும்போதா, ஓடும்போதா?"

"அதுதான் மேடம் அதிசயம். டவுனுக்குள்ள ஊர்ந்து போனா ஒண்ணும் ஆகல. முள்ளு பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்கும், அவ்வளவுதான். பைபாஸ்ல எண்பது தொட்டா பத்து நிமிஷத்துல சிவப்புக்குப் போயிடுது. நாலு தடவை ரோட்டோரம் நின்னுட்டேன். என் பொண்டாட்டி இப்பல்லாம் ஆட்டோவுலதான் வருவேங்கிறா."

"இதுவரைக்கும் என்னல்லாம் மாத்தினீங்க?" அண்ணனைப் பார்க்காமலே அண்ணனிடம் கேட்டாள்.

"ரேடியேட்டர் ரெண்டு தடவை. இப்ப இருக்கறது லாரி சைஸ். தெர்மோஸ்டாட் மூணு. வாட்டர் பம்ப் ஒண்ணு. மூடி, ஹோஸ் பைப் எல்லாம் புதுசு."

"மாத்தினது சரி. பார்த்தது என்ன?"

அவன் ரேடியேட்டர் மூடியை ஒருமுறை திருகிப் பார்த்தான்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு மாசமா பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன். எங்க கார் குரூப்ல முந்நூறு பேர் இருக்கோம். இன்னிக்கும் கொதிச்சா, நடந்ததை அப்படியே போட்டுடுவேன். இந்தப் பட்டறைப் பேரோட."

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணனின் முகம் வெளுத்தது. சின்னவளுக்கு உள்ளே இனித்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் வேலையைத் தொடங்கினாள்.

ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்தாள். நிறைய இருந்தது. திறந்த வாயோடே இன்ஜினை ஓட விட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் அங்கே குமிழி குமிழியாக வரும். ஒன்றும் வரவில்லை.

"கேஸ்கெட் நல்லா இருக்கு."

"அப்ப ரூட் கெனால் வேண்டாங்கறீங்க," என்றார் டாக்டர்.

மூடியைப் பூட்டினாள். இன்ஜின் சூடேறியதும் மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் தொட்டுப் பார்த்தாள். மேலே சுட்டது, கீழே கொஞ்சம் குறைவாகச் சுட்டது. தண்ணீர் ஓடுகிறது. பம்ப் வேலை செய்கிறது. அண்ணன் இன்ஜினை உட்கார வைத்திருந்த விதத்தையும் ஒரு தப்பு கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற வெறியோடு பார்த்தாள். ஒரு போல்ட் கூடக் கோணலாக இல்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வண்டியை எடு. பைபாஸ் போகலாம்," என்றாள்.

அண்ணன் ஓட்டினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து டெம்பரேச்சர் முள்ளையே பார்த்தாள். டவுனைத் தாண்டினார்கள்.

"எப்படி இருக்க பாப்பா?" என்றான் ஒருவழியாக.

"ரோட்டைப் பாரு."

எண்பதைத் தொட்டார்கள். முள் பாதியைத் தாண்டியது. முன்னால் ஃபேன் சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது. அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். ஃபேன் சுற்றினால் சூடு இறங்க வேண்டும், இல்லையென்றால் அப்படியே நிற்கவாவது வேண்டும். முள்ளோ இன்னும் வேகமாக ஏறியது.

"ஓரமா நிறுத்து."

இறங்கி, பானட்டைத் தூக்கி, ஃபேனுக்குப் போகும் பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்ன பண்ற? இருக்கற ஃபேனையும் கழட்டினா இன்ஜின் போயிடும்."

"போனா என் பேரைச் சொல்லிக்கோங்க. உங்களுக்குப் பழக்கம்தானே."

அவன் வண்டியை எடுத்தான். மறுபடியும் எண்பது. முள் நின்றது. பிறகு கண்ணுக்குத் தெரியத் தெரிய இறங்கிப் பாதியில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அசையவில்லை. அண்ணன் முள்ளைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், மறுபடி முள்ளைப் பார்த்தான்.

"ஃபேன் இல்லாம எப்படி இறங்குது?"

"உன் ஃபேன் காத்தை உள்ள தள்ளல. வெளிய தள்ளுது. வண்டி ஓடும்போது எதிர்க் காத்து முன்னாடியிருந்து உள்ள வரப் பாக்குது, ஃபேன் அதை எதிர்த்து வெளிய ஊதுது. ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்குது. ரேடியேட்டருக்குக் காத்தே கிடையாது. டவுன்ல மெதுவாப் போறப்போ எதிர்க் காத்து இல்ல, அதனால ஏதோ ஓடுது."

பட்டறைக்குத் திரும்பியதும் இருவரும் பானட்டுக்குள் தலையை விட்டார்கள். பெரிய இன்ஜின் என்பதால் ரேடியேட்டருக்குப் பின்னால் விரல் நுழையக்கூட இடம் இல்லை. அதனால் ஃபேனை முன்பக்கம் வைத்திருந்தார்கள். வைத்ததில் தப்பில்லை. இறக்கைகளின் வளைவும் சரியான பக்கம்தான். அவள் விரல் ஃபேனிலிருந்து வரும் இரண்டு வயர்களைத் தொட்டுக்கொண்டே போனது. நீலம் ஒன்று, கருப்பு ஒன்று. கம்பெனி கொடுத்தது: நீலத்தில் கரண்ட், கருப்பு எர்த். இங்கே கருப்பில் கரண்ட் கொடுத்திருந்தது. மோட்டார் திரும்பிச் சுற்றாமல் என்ன செய்யும்?

இன்சுலேஷன் டேப்பின் முனை கொஞ்சம் மடித்துவிடப்பட்டிருந்தது. பின்னால் பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று அப்படி மடித்துவிடுகிற ஒரே ஆள் இந்தப் பட்டறையில் அப்பாதான்.

அவள் கை அப்படியே நின்றது.

பட்டறை ஆரம்பித்த புதிதில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து அப்பா கருப்பு வயர் கட்டுக் கட்டாக வாங்கி வந்தார். கரண்ட் போகிற எல்லாவற்றுக்கும் அதையே போட்டார். ஊரே சிவப்பில் கரண்ட் கொடுக்கும்போது இங்கே மட்டும் கருப்பு. பிள்ளைகள் இருவரும் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்னாலேயே கற்றுக்கொண்ட பாடம் அது. நம்ம பட்டறையில கருப்புதான் கரண்ட். முப்பது வருஷமாக அது மாட்டிக்கொள்ளவே இல்லை. பல்புக்கு எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும். ஹாரனும் கத்தும். தனியாக வாங்கி மாட்டுகிற மோட்டாருக்கு மட்டும்தான் பக்கம் முக்கியம்.

வெளியே கருப்பு என்றால் எர்த் என்பது இவளுக்கே டிப்போவில் சேர்ந்த முதல் வாரம் ஒருவர் கையில் அடித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"அன்னிக்கும் ஃபேன் முன்னாடிதான் இருந்துச்சு," என்று முணுமுணுத்தான் அண்ணன். அவனுக்கும் உறைத்துவிட்டது. "அன்னிக்கும் வயரிங் அப்பாதான்."

"ம்."

"பாப்பா, அவர்கிட்ட இதைச் சொல்லாத. டாக்டர் முன்னாடி வேண்டாம். அவர் தாங்க மாட்டார். நான்தான் தப்பு பண்ணேன்னு சொல்லிடு, நான் வாங்கிக்கிறேன்."

"அன்னிக்கு நீ யாருக்கும் சொல்லல. இன்னிக்கு நான் யாருக்கும் சொல்லக் கூடாது. நல்லா இருக்கு உன் நியாயம்."

அவள் பானட்டிலிருந்து தலையை எடுத்தாள். "அப்பா, இங்க வாங்க. நீங்களே பாருங்க."

அப்பா மெதுவாக எழுந்து வந்தார். அவள் பிளக்கை மறுபடி மாட்டினாள். ஃபேன் தானாகச் சுற்றும்படி சென்சாரில் ஒரு துண்டு வயரைச் செருகினாள். டாக்டரிடம் ஒரு தாள் கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து பல் துலக்கும் முறை பற்றிய நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை அப்பா கையில் கொடுத்தாள்.

"கிரில் முன்னாடி பிடிங்கப்பா. ஃபேன் சரியாச் சுத்தினா தாள் கிரில்லோட ஒட்டிக்கும்."

அப்பா பிடித்தார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டு அவர் விரலிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. நேராக அவர் மார்பில் வந்து மோதி, வழுக்கிக் கீழே விழுந்தது.

ஃபேன் மட்டும் சுற்றியது. அந்தக் காற்றில் அப்பாவின் நரைத்த முன்முடி ஆடியது. அவர் குனிந்து வயரைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். ஒரு நொடிதான். அந்த மனிதருக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. மூன்று வருஷமாக இந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். அண்ணன் முகம் என்று நினைத்திருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி சொல்லியாக வேண்டும். அன்றைய கார், அந்த ஆறு லிட்டர், எல்லாவற்றையும் அவரே சொல்லட்டும்.

அப்பா நிமிர்ந்தார். டாக்டர் பக்கம் திரும்பினார்.

"பையன் வயரை மாத்திக் கட்டிட்டான் டாக்டர். கவனம் பத்தல. நான் நேத்தே பார்த்திருந்தா சொல்லியிருப்பேன்."

குரலில் ஒரு நடுக்கம் கூட இல்லை. அதே நிதானம்.

அண்ணன் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அது அப்படியே தொங்கியது. டாக்டர் அவனைப் பார்த்த பார்வையில் இரண்டு மாசக் கோபமும் வந்து சேர்ந்தது.

"ரெண்டு வயர். ரெண்டு வயரைச் சரியாக் கட்டத் தெரியாமலா எனக்கு லாரி ரேடியேட்டர் மாட்டினீங்க?" பிறகு சின்னவளிடம் திரும்பினார். "மேடம், கண்டுபிடிச்சது நீங்க. நீங்க சொல்லுங்க. இவர் பண்ணதுதானா?"

வாசலில் வெல்டிங் கடைக்காரர் வந்து நின்றிருந்தார். சத்தம் கேட்டால் வராமல் இருக்க மாட்டார்.

அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். நான் வாங்கிக்கிறேன் என்று சொன்னவன்தான். ஆனால் தானே வாங்கிக்கொள்வது வேறு, பிறர் வந்து தலையில் கட்டுவது வேறு. அந்தக் கண்ணில் இருந்த கெஞ்சல் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவளும் ஒரு நாள் இதே இடத்தில் இதே மாதிரிதான் பார்த்தாள்.

அவள் கைத் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள்.

"வயர் மாறியிருந்துச்சு டாக்டர். அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும். யார் கட்டினதுங்கறதைப் பட்டறைக்காரங்கதான் சொல்லணும். நான் வெளியாளு."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, பேசாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று. புனலைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு அன்று ஒரு கஷ்டமும் இருந்திருக்காது.

"வயரை மாத்து," என்றாள் அண்ணனிடம். அவனே டேப்பைப் பிரித்தான். அவனே மாற்றிக் கட்டினான். முதல் முறுக்கு நழுவியதால் இரண்டு தடவை கட்ட வேண்டி வந்தது. டாக்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முறுக்கையும் எண்ணுவது போல் பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதை முழுதாக ரசித்தாள். அது அப்பாவின் நாற்காலி. அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

"அப்ப வேக வைக்கிறது பையனா," என்று சொல்லிக்கொண்டே வெல்டிங் கடைக்காரர் திரும்பிப் போனார். இன்றைக்குள் தெருக்கோடி வரை போய்விடும்.

டாக்டர் தனியாகவே பைபாஸ் போய் வந்தார். முக்கால் மணி நேரம். திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல். "நூறு தொட்டேன் மேடம். முள்ளு செத்தது மாதிரி கிடக்கு." கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னார்: "குரூப்ல நல்லபடியா எழுதறேன் பெரியவரே. என் ஃப்ரெண்ட்ஸ் வண்டி மூணு இருக்கு, இதே மாதிரி இன்ஜின் மாத்தணும். ஆனா இந்த மேடம் இருந்தாத்தான் அனுப்புவேன்."

"இருப்பா டாக்டர். இனிமே இன்ஜின் எல்லாம் இவதான். அவன் சீட்டு, பெயிண்ட் பார்த்துக்குவான்."

மஞ்சள் கார் தெரு முனையில் திரும்பி மறைந்தது. பட்டறையில் மூன்று பேர் மிச்சம்.

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூடினான். திரும்பாமலே பேசினான்.

"அப்பா, அன்னிக்கு அவ தண்ணி ஊத்தினா. ஆறு லிட்டர். நான்தான் புனல் பிடிச்சேன்."

மூன்று வருஷம் நாலு மாசமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் அவளுக்கு அப்பாவின் முகத்தைத்தான் பார்க்கத் தோன்றியது.

அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்," என்றார்.

"என்னது?"

"தெரியும்டா. தரையெல்லாம் ஈரம், கேன் காலியாக் கிடந்துச்சு. எனக்குக் கண்ணு இல்லையா? அன்னிக்கு யார் பேரையாவது சொல்லியாகணும். உன் பேரைச் சொன்னா உன்கிட்ட எவன் வண்டி விடுவான்? இவ எப்படியும் ஒருநாள் வெளிய போற பொண்ணு, அதனால இவ பேரைச் சொன்னேன். இன்னிக்கு இவ வேணும், உன் பேரைச் சொன்னேன். நாலு மாசத்துல மறந்துடுவாங்க. இதுக்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா தொழில் பண்ண முடியாது."

டீ ஆறிவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டான். சின்னவள் இத்தனை நாள் ராத்திரியும் பகலும் அண்ணனைத் திட்டித் தீர்த்தது எல்லாம் தப்பான விலாசத்துக்குப் போயிருக்கிறது. அவள் குனிந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"காலைல எத்தனை மணிக்குப்பா திறக்கறீங்க?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. "எட்டு."

"ஏழரைக்கு வந்துடறேன். டாக்டரோட ஃப்ரெண்ட்ஸ் வண்டி மூணும் எடுத்துக்கலாம். தேதி சொல்லிடுங்க."

"பார்த்தியாடா? இதுதான் தொழில் தெரிஞ்ச பிள்ளை."

அண்ணன் சிரிக்கவில்லை. சின்ன வயசில் அவள் இவ்வளவு பணிவாகப் பேசிய நாட்களில் எல்லாம் சாயங்காலத்துக்குள் வீட்டில் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும். அவனுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது.

"வயரிங் மட்டும் எப்பவும் போல நான்தான்," என்றார் அப்பா. "அந்த ஃபேன் கம்பெனிக்காரன் கலரை மாத்திப் போட்டுட்டான். அதுக்காக நம்ம முறையை மாத்த முடியாது. கருப்புதான் கரண்ட்."

அண்ணன் வாயைத் திறந்தான். தங்கை அவனை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான்.

"ஆமாப்பா," என்றாள் சின்னவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "வயரிங்ல நான் கை வைக்கவே மாட்டேன். மூணு வண்டிக்கும் நீங்களே பண்ணுங்க. பண்ணி முடிச்சதும், யார் கட்டினதுன்னு நாளைக்கு யாரும் கேக்காத மாதிரி, உங்க கையாலேயே வண்டி மேல உங்க பேரை எழுதிடுங்க."